கேஸ் பீடிக்கு வைத்த சோதனை

என் நாத்தனாரின் கணவர் கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் வந்தபோது எல்லோருக்கும் ஏதாவது கொண்டுவந்தார். எனக்கு வாசனை சோப்பு, நாத்தனாருக்குக் கைக்கடிகாரம், என் வீட்டுக்காரருக்கு அந்தச் சனியன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பார்க்கப் பெரிய பேனா மாதிரி இருக்கும். எஃகுக் குழாய். அடியில், லைட்டருக்கு அடைக்கிற கேஸை ஊசிமூக்கு டப்பாவிலிருந்து அடைத்துக்கொள்ள வேண்டும். மேல் மூடியைத் திருகினால் உள்ளே ஒரு சின்னக் குழி. அதில் காய்ந்த இலையை நொறுக்கிப் போட்டுப் பொத்தானை அழுத்தினால், உள்ளே நெருப்புப் பிடித்து இலையைச் சூடாக்கும். இலை எரியாது, சூட்டில் ஆவி விடும். அந்த ஆவியை வாயால் இழுக்க வேண்டும். வெளிநாட்டில் அதில் என்ன இலையைப் போட்டு இழுக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அது உனுக்கு இன்னாத்துக்கும்மா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பதில் கிடைத்துவிட்டது.

எங்கள் ஊருக்கு வந்ததும் அது நொச்சி இலைக்கும் ஓமத்துக்கும் மாறி மருந்தாகிவிட்டது. "மச்சானுக்கு இளைப்பு இருக்குதுல்ல. வேது புடிக்கிற மாதிரிதான் இதுவும். பானை வேணாம், போர்வை வேணாம். நடுக்கடல்லயே வச்சு இழுத்துக்கலாம்" என்றார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. படகுக்கு முதல் முறை மோட்டார் வாங்கியபோதுகூட அப்படிப் பூரித்ததில்லை. சாயந்திரத்துக்குள் குப்பத்தில் அதற்குக் கேஸ் பீடி என்று பெயரும் விழுந்துவிட்டது.

அவருக்கு இளைப்பு கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உண்டு. அதை எனக்குச் சொல்லாமல் கட்டிவைத்தார்கள் என்பது தனிக் கோபம், இங்கே வேண்டாம். வாடைக்காற்று திரும்பினால் போதும், மாரில் பூனை கத்த ஆரம்பித்துவிடும். பொன்னேரி டாக்டர் பம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். வாயில் வைத்து ஓர் அழுத்து அழுத்தி உள்ளே இழுத்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு வழிக்கு வரும். நான் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து தினமும் பாலம் தாண்டிப் போய் ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். என் வீட்டிலோ பம்பு சாமி படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கதவைச் சாத்திக்கொண்டுதான் அதைக் கையில் எடுப்பார். கடலுக்கு மட்டும் கொண்டுபோகவே மாட்டார்.

ஏன் என்று குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஃபைபர் படகில் நாலு பேர் போகிறார்கள். நாலு பேரும் சேர்ந்து வலை இழுக்க வேண்டும். ஒருவன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால் அவன் பாரமும் மற்ற மூவர் கையில் ஏறும். அதனால் பம்பு வைத்திருக்கிறவன் என்று தெரிந்தால் படகில் இடம் போய்விடும். போ என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ரெண்டு நாள் கரையில் இரு என்பார்கள். அப்புறம் பார்த்தால் அந்த இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான்.

என் வீட்டுக்காரர் போகிற படகிலேயே அது நடந்தது. அவரோடு வலை இழுத்த ஒருவர், பாவம், மூச்சு முட்டிய நேரத்தில் எல்லோர் எதிரிலும் பம்பை எடுத்து இழுத்துவிட்டார். அவரைக் கரையில் இருக்கச் சொன்னவர் படகுக்காரர். என் மாமனாருக்குத் தம்பி முறை. நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். "மாருல பூனை கத்துறவனை வச்சிகினு நான் இன்னாத்த வலை இழுக்கறது?" என்று ஊர் கேட்கச் சொன்னார். அந்த மனிதர் இப்போது கரையில் எல்லாப் படகுகளுக்கும் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறார்.

இதில் எனக்கு வயிறெரிவது எது தெரியுமா? பீடி குடிக்கிறவனை எவனும் படகிலிருந்து இறக்கியதில்லை. பம்பு வாய்க்குப் போனால் நோயாளி, பீடி வாய்க்குப் போனால் ஆம்பளை. இந்தக் கேஸ் பீடி என் வீட்டுக்காரருக்குத் தெய்வமே நேரில் வந்து கொடுத்த மாதிரி ஆனது அதனால்தான். மருந்து என்று அவர் மனசு நம்பிக்கொள்ளும், பீடி என்று ஊர் நம்பிக்கொள்ளும்.

எங்கள் ஆண்கள் எந்த மோட்டாரைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, 'எவ்ளோ குடிக்கும்?' என்பதுதான். எந்தக் காற்றில் எவ்வளவு எண்ணெய் ஆகும், பாரத்தோடு வந்தால் எவ்வளவு, வெறும் படகாக வந்தால் எவ்வளவு என்று உட்கார்ந்து பேசினால் சோறு தண்ணி மறந்துவிடும். கேஸ் பீடியையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டார்கள். கடலுக்குப் போகாத ஒரு நாள், புரட்டாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது, நான் கடை முடிந்து திரும்பிவருகிறேன். வலை நிழலில் ஒரு கூட்டம். நடுவில் என் வீட்டுக்காரர், பக்கத்தில் நாத்தனாரின் கணவர், எதிரில் நீதிபதி மாதிரி படகுக்காரர்.

முதலில் இறால் எடை போடுகிற மின்தராசைக் கொண்டுவந்து வைத்தார்களாம். கேஸ் அடைப்பதற்கு முன் எடை, இழுத்த பிறகு எடை. தராசில் எண் அசையவே இல்லை. அதனால் ஒரு தடவை அடைத்தால் எத்தனை இழுப்பு வரும் என்று எண்ணுவது என முடிவானது. நிழலில் ஒரு சோதனை. அப்புறம் கடலில் காற்று இருக்குமே என்று காற்றுக்கு முகம் காட்டி ஒன்று. கையைக் குவித்து மறைத்துக்கொண்டு ஒன்று. பொத்தானை விடாமல் அழுத்தினால் கேஸ் வீணாகிறது, சூடேறியதும் விட்டுவிட்டு இழுத்தால் மிச்சமாகிறது என்று கண்டுபிடித்து ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொண்டார்கள். கூட்டத்தில் ஆளாளுக்கு ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்க, நொச்சித்தூள் தீர்ந்து யாரோ போய் இலை பறித்து வெயிலில் பரப்பியிருந்தார்கள்.

"ஒரு தபா அட்ச்சா காலைலேர்ந்து கரை ஏறுற வரைக்கும் தாங்கும்மே" என்று என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் பெருமையாகச் சொன்னார். "இத்துனூண்டுதான் குடிக்குது."

எனக்குத் தாங்கவில்லை. கையிலிருந்த பையை மணலில் வைத்தேன்.

"அது எவ்ளோ குடிக்குதுன்னு பாத்தீங்க. அதை இழுத்தா இவுருக்கு மூச்சு எவ்ளோ வருதுன்னு எவனாவது பாத்தீங்களா?"

படகுக்காரர் வெற்றிலை டப்பாவை மூடி மடியில் செருகிக்கொண்டே, "நல்லாத்தானேம்மா கீறான். பாரு, மூக்கு எப்டித் தொறந்துகிச்சு" என்றார்.

"மூக்கு தொறந்தா ஆச்சா மாமா? அடைக்கிறது மாருல்ல?"

"கடைல நாலு மாத்திரை எடுத்துக் குடுத்தா டாக்டராய்டுவியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதுதான் என்னை அறுத்தது.

வீட்டுக்குப் போனதும் நான் என் சோதனையை வைத்தேன். தெருக்குழாயிலிருந்து இரண்டு குடம் தண்ணீரை அவரே தூக்கிவர வேண்டும், வந்ததும் கேஸ் பீடியை இழுக்க வேண்டும், இழுத்த பிறகு என்னைத் திட்ட வேண்டும். அவருக்கு மூச்சு நன்றாக இருக்கும் நாளில் என் அப்பன் வீட்டில் ஆரம்பித்து என் சாம்பார் வரைக்கும் ஒரே மூச்சில் திட்டுவார். மூச்சு சரியில்லாத நாளில் அப்பனோடு நின்றுவிடும். எனக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான். தண்ணீர் தூக்கிவந்தார், இழுத்தார், "உங்க நைனா..." என்றார், நின்றுவிட்டார். மேலே போக முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு பம்பை எடுத்ததைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆனாலும் கடலுக்குப் போனது கேஸ் பீடிதான். சட்டையில் பம்பை வைத்தால் எடுத்துப் பாயில் போட்டுவிட்டுப் போவார். நான் கத்தினேன், சோறு போட மாட்டேன் என்றேன், அழுதும் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மழை முடிந்து வாடை நன்றாகப் பிடித்த பிறகு ஒரு நாள், மற்றப் படகுகளெல்லாம் கடலில் இருக்கும்போதே எங்கள் படகு மட்டும் திரும்பிவந்தது என்று கடைக்கு போன் வந்தது. போட்டது போட்டபடி ஓடினேன். என் வீட்டுக்காரரை மணலில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்து, ஒன்றும் கேட்காதே என்றது. பொன்னேரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் என்னைத்தான் திட்டினார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திட்டினார்.

கேஸ் பீடி பற்றவே இல்லையாம். வலையில் பாதி இழுத்தபோது மூச்சு முட்டியிருக்கிறது. எடுத்து அழுத்தினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்ததாம். கேஸ் தீர்ந்துவிட்டது என்று டப்பாவை எடுத்து மறுபடி அடைத்திருக்கிறார்கள். அப்போதும் டிக் டிக். ஆள் மாற்றி ஆள் அழுத்தியிருக்கிறார்கள்.

"எங்க வச்சிருந்தே அதை?" என்று கேட்டேன்.

"ஐஸ் பொட்டில" என்றார்.

நாத்தனாரின் கணவர்தான் எச்சரித்திருந்தார், கேஸ் சாமான், வெயிலில் கிடந்தால் வெடிக்கும் என்று. வெயில் படாத இடம் என்றால் படகில் வேறென்ன இருக்கிறது? எங்கள் குப்பத்தில் கெட்டுப்போகக் கூடாத எதுவும் ஐஸில்தான் போகும். மீன் போகும், இரை போகும், குடிதண்ணீர் போகும், பழைய சோறு போகும். ஒருவர் காய்ச்சல் மாத்திரையை ஐஸில் வைத்துக் கரைத்தே விட்டார். என் வீட்டுக்காரரும் கேஸ் பீடியையும் கேஸ் டப்பாவையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸை நோண்டி அடியில் பத்திரமாகப் புதைத்திருக்கிறார்.

நாத்தனாரின் கணவர் இன்னும் கப்பலுக்குத் திரும்பியிருக்கவில்லை. அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஒரு வாளியில் ஐஸை உடைத்துப் போட்டு, அவர் கையாலேயே கேஸ் பீடியை உள்ளே வைக்கச் சொன்னேன். நான் சோறு வடித்து, குழம்பு வைத்து இறக்கினேன். அப்புறம் எடுத்து அழுத்தினேன். டிக் டிக். மறுபடி அழுத்தினேன். டிக் டிக். அதைத் துணியில் துடைத்து என் அக்குளில் இடுக்கிக்கொண்டு அவருக்கே சோறு போட்டேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவியபோது எடுத்து அழுத்தினேன். பற்றிக்கொண்டது.

"ஆமாம்மா" என்றார் சாதாரணமாக. "அதுல கேஸ் தண்ணியா கீது. சில்லுனு ஆச்சுன்னா ஆவியா மேல வராது. கப்பல்ல மீனு வைக்கிற ரூமுல லைட்டரே பத்தாது."

"தெரியுமா உங்குளுக்கு?"

"தெரியாம இன்னா?"

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"ஐஸ்ல போய் வைப்பான்னு யாரும்மா கண்டா?"

இந்தக் குப்பத்தில் பெண் எடுத்தவர், மீனவர் வீட்டில் பிறந்தவர், இப்படிச் சொல்கிறார். பெட்டியில் ஐஸைப் போட்டுத்தான் இங்கே பிழைப்பே ஓடுகிறது. நிழலில் சோதித்தார்கள், காற்றில் சோதித்தார்கள், கையைக் குவித்துச் சோதித்தார்கள். அது எங்கே குடியிருக்கப் போகிறதோ அங்கே வைத்து ஒருவனும் சோதிக்கவில்லை. பற்றியிருந்தாலும் என்ன? மூக்குத்தான் திறந்திருக்கும். நான் கேஸ் பீடியை எடுத்து அவர் மடியில் போட்டு, "இத்த எடுத்துக்கினு போங்கண்ணா, அங்கயே வச்சு எந்த இலையைப் போட்டாவது இழுங்க" என்றேன். நாத்தனார் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

எனக்கு இன்னொரு கேள்வி உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. கேஸ் பீடி பற்றவில்லை. பம்பு சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அப்படியானால் கரை வரும்வரை அவருக்கு மூச்சு எப்படி வந்தது? கேட்டபோதெல்லாம், "தானா அடங்கிச்சு" என்றார். அப்படி உதடு வெளுக்கிற இளைப்பு தானாக அடங்காது. அது மருந்துக்கடையில் நிற்கிறவளுக்குத் தெரியும். டாக்டர் சொன்ன ஓய்வு முடிந்து மறுநாள் கடலுக்குப் போகிறார் என்ற நிலையில், பம்பை எடுத்துப் போகாவிட்டால் நானே கரைக்கு வந்து படகு முன்னால் படுப்பேன் என்றேன். அப்போதுதான் சொன்னார்.

படகுக்காரர்தான் கொடுத்தாராம். எல்லோரும் கேஸ் பீடியை அழுத்திக்கொண்டிருந்தபோது, மற்ற இருவரையும் வலையைப் பார்க்கச் சொல்லித் துரத்திவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியிலிருந்து வெற்றிலை டப்பாவை எடுத்திருக்கிறார். வெற்றிலைக்கு அடியில் ஒரு பம்பு. "இழுடா" என்று இவர் வாயில் வைத்து அழுத்தியிருக்கிறார், நின்று நின்று பல முறை. அப்புறம் கங்கையம்மன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாராம், உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது என்று.

என் புருஷனைக் காப்பாற்றியவர் என்று எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. தன் மாரில் பூனையை வைத்துக்கொண்டா இன்னொருவரைப் பூனை கத்துகிறது என்று இறக்கிவிட்டார்? அந்த மனிதர் ஐஸ் பெட்டி தூக்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாரே. என் கடைக்கு அவர் ஒரு நாளும் வந்ததில்லை. பொன்னேரிக்குப் போய்த்தான் வாங்குவாராம், தெரிந்த முகம் பார்க்கக் கூடாது என்று.

மறுநாள் வெளிச்சம் வரும்போது கரைக்குப் போனேன். படகைத் தள்ளத் தயாராக நின்றார்கள். ஐஸ் பெட்டி தூக்குகிறவரும் அங்கேதான் இருந்தார். நான் பம்பை எடுத்து, எல்லோரும் பார்க்க, என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் வைத்தேன். அவர் கூனிக் குறுகி நின்றார்.

"இது இல்லாம இவுரு படகுல ஏற மாட்டாரு. ஏத்த முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க மாமா" என்றேன். "சொல்றதுக்கு முன்னாடி உங்க வெத்தலை டப்பாவையும் கொஞ்சம் தொறந்து காட்டுங்க."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். ஐஸ் பெட்டி தூக்குகிறவர் பெட்டியை மெல்ல இறக்கி வைத்துவிட்டுப் படகுக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் விடுவதாக இல்லை. கத்தட்டும், கை ஓங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

படகுக்காரர் கத்தவில்லை. டப்பாவை எடுத்துத் திறந்து, வெற்றிலையை ஒதுக்கி, பம்பை வெளியே எடுத்தார். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காற்றில் ஒரு தடவை அழுத்திக் காட்டினார். ஒன்றும் வரவில்லை.

"காலிம்மா. அன்னிக்கு இவனுக்கு அட்ச்சதோட தீந்துபோச்சு. பொன்னேரிக்குப் போவ ஒரு நாளும் ஒழியல."

அன்றிலிருந்து அவர் தினமும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். இந்த வாடையில், மாரில் அதே பூனையோடு, காலி டப்பாவை மடியில் செருகிக்கொண்டு. ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்பும்போது என் கடை வாசலைத் தாண்டித்தான் அவர் பாலம் ஏறுவார். நானே பார்த்திருக்கிறேன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைப் பக்கம் திரும்பாமல் போவார்.

"எங்க கடைல இருக்குதே மாமா" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"எப்டிம்மா கேக்கறது? அங்க நீயில்ல நிக்கிற" என்றார். "எம் மூச்சு இப்டின்னு தெரிஞ்சா உம் புருசனை என்னை நம்பி அனுப்புவியா?"

அனுப்பியிருக்க மாட்டேன். ஐஸ் பெட்டி தூக்குகிறவர் காறித் துப்பிவிட்டு, பெட்டியை அங்கேயே விட்டு நடந்து போய்விட்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை. படகுக்காரர் பெட்டியைத் தானே தூக்கிப் படகில் வைத்தார், வைத்துவிட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். இந்த முறை யாருக்கும் மறைக்கவில்லை. கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது, காற்று காத்திருக்காது. இரண்டு இளைப்புக்காரர்களுக்கு ஒரே பம்போடு படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.